தறிக்காரன் செய்த மோட்டார்

கெடாவின் பீடோங் ஊரில் பஸ் ஏறியபோது முன்சீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். அவள் மடியில் புது ஸ்பேனர் பெட்டி. அண்ணன் குரல் பஸ் முழுக்கக் கேட்டது. நான் ஒட்டுக்கேட்டதாக யாரும் சொல்ல முடியாது.

"பிளவுஸ் தைக்கிறவளுக்கு மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடை எதுக்கு?"

"உங்க மோட்டார் கம்பெனிக்காரன் முதல்ல என்ன செஞ்சான் தெரியுமாண்ணே? துணி நெய்யற தறி."

"யாரு சொன்னா?"

"ரிப்பேர் கோர்ஸ்ல சொன்னாங்க. இன்னொரு கம்பெனி ஆர்மோனியம் மாதிரி வாசிக்கிற பொட்டி செஞ்சிச்சாம். இன்னொருத்தன் கப்பல் கட்டினானாம். உனக்கெதுக்கு மோட்டாருன்னு அவங்கள யாரும் கேக்கலையே."

"அவங்க ஜப்பான்காரங்க லா."

"நான் பீடோங்காரி. கடை எடுத்தாச்சு. ஒரு பக்கம் தையல் மிஷின், ஒரு பக்கம் மோட்டாரு."

"பொம்பளகிட்ட எவன் மோட்டார கொண்டாந்து விடுவான்?"

அவள் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஏண்ணே இன்னைக்கு பஸ்ல வர்றீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். செம்பனைத் தோட்டம் முடிந்து கடைகள் வந்தபோதுதான் அவள் பக்கம் திரும்பினார்.

"ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது," என்றார், இந்த முறை மெதுவாக.

"சாயங்காலம் தள்ளிட்டு வாங்க."