தோஷ்தெமிரின் ஆடுகளுக்கு வைத்த புண்ணாக்கு

யாராவது பசித்திருந்தால் எனக்குப் பொறுக்காது, ஐயா. உங்கள் தேநீரும் ஆறுகிறது பாருங்கள், குடித்துக்கொண்டே விசாரியுங்கள்.

நானும் தோஷ்தெமிரும் பண்ணையின் இரண்டு மந்தைகளை மேய்க்கிறோம். இரண்டும் கரகுல் ஆடுகள். பிறந்த குட்டியின் தோல்தான் எங்கள் பிழைப்பு. மூன்று நாளில் மயிர்ச் சுருள் பிரிந்துவிடும், அதற்குள் கத்தியை எடுத்துவிடுவோம். வசந்தத்தில் தரம் பார்க்க ஹாஸியத் அம்மாள் வருவார். குட்டியை மடியில் போட்டு, சுருளைத் தடவி, உடம்பு கச்சிதமா, கால் நீளமா என்று பார்ப்பார். யார் மந்தை முதலோ அவர் தோளுக்குப் பண்ணையின் கோடுபோட்ட பட்டு மேலங்கி போகும். ஒன்பது வருஷமாக அது தோஷ்தெமிரின் தோளிலேயே கிடந்தது. கோடையிலும் கழற்றமாட்டான். எனக்கு வயிறு எரிந்தது, இல்லையென்று சொல்லவில்லை.

இந்த வருஷம் ஆடுகள் ஈனுவதற்கு ஐந்து வாரம் இருக்கையில் அவன் மனைவிக்குப் பிள்ளை பிறந்தது. நாற்பது நாள் தாயையும் பிள்ளையையும் தனியே விடுவது எங்கள் வழக்கமில்லை.

"ஹம்ரோ, மந்தைய நீதான்டா பாத்துக்கணும். உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று ரொட்டியைப் பிட்டு என் கையில் வைத்துவிட்டு ஊருக்குப் போனான்.

பார்த்துக்கொண்டேன். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் பார்லியும் தொட்டி நிறைய, பட்டப்பகலில், எல்லோர் கண்ணெதிரே. என் மந்தையின் பங்கையும் அள்ளிப் போட்டேன்.

"மாமியாருக்குக்கூட இப்படி ஆக்கிப் போடமாட்டியே!" என்று கிணற்றுக்கு வந்தவர்கள் கேலி செய்தார்கள். ஆடுகள் அசைந்து அசைந்து நடந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

குட்டிகள் தலை பெருத்து, தோள் அகன்று, வெளியே வர மாட்டேன் என்றன. இரண்டே நாளில் பதினேழு தாய்கள் குட்டியோடு போய்விட்டன. தகவல் தெரிந்து தோஷ்தெமிர் ஓடிவந்தான். மேலங்கியோடு மணலில் மண்டியிட்டு, முழங்கைவரை ரத்தத்தோடு குட்டிகளை இழுத்துக்கொண்டிருந்தான். பிழைத்த குட்டிகளுக்கும் சுருள் அவிழ்ந்து மயிர் நீண்டு கிடந்தது.

ஹாஸியத் அம்மாள் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "இது ஆட்டுக்குட்டியா, கழுதைக்குட்டியாய்யா? கிடா வம்சம், தாயோட வயசு, ஒத்தையா ரெட்டையா, எல்லாமே உடம்புல தெரியும். ஆனா இது கடைசி மாசத் தீனி. எவன் இப்படித் திணிச்சான்?"

தோஷ்தெமிர்தான் எனக்காகப் பேசினான். "நல்லதுதான் நெனச்சுப் பண்ணினான், அக்கா. அவனத் திட்டாதீங்க." அழுதுகொண்டே சொன்னான். எனக்கும் கண் கலங்கியது.

மந்தையை விட்டுப் போனான் என்று அவனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். பாவம், பிள்ளைக்காரன். இதோ, மேலங்கி எனக்கு வந்துவிட்டது. தோள் கொஞ்சம் பிடிக்கிறது. இரண்டு தடவை துவைத்தும் கைப்பக்கத்துக் கறைதான் போகவில்லை.

ஆமாம், தீனி வைத்தது நான்தான். வாயில்லா ஜீவனின் பசியாற்றியதற்கு எந்தச் சட்டத்தில் தண்டனை, நீங்களே சொல்லுங்கள்.

என் மந்தைக்கு ஏன் ஒரு பிடிகூட வைக்கவில்லை என்றா கேட்கிறீர்கள்? நல்லா கேட்டீர்கள் போங்கள். சினை ஆட்டுக்கு யாராவது அவ்வளவு புண்ணாக்கு வைப்பார்களா, ஐயா?