கையுறைக் கட்டம்

உங்கள் ஸ்டேஷன் படிவம் எனக்குப் பிடித்திருக்கிறது. மொத்தமே பதினொரு கட்டங்கள், எல்லாம் ஒரே பக்கத்தில். எங்கள் அலுவலகத்தில் ஒரு பூச்சிமருந்துக்கு நாற்பத்தாறு கட்டங்கள் நிரப்ப வேண்டும். அதில் பாதியை எதற்குக் கேட்கிறார்கள் என்று கேட்டவருக்கே தெரியாது. என் பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதிவிட்டீர்கள். 'காரணம்' என்கிற பத்தாவது கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நான் எதையும் இழுத்தடிக்கப் போவதில்லை. விசிலைக் கொன்றது நான்தான்.

விசில் என்பது அவருடைய பட்டப்பெயர். எங்கள் பண்ணையில் ரோஜா வளர்க்கும் கண்ணாடிக் கூடங்களுக்கு அவர்தான் மேற்பார்வையாளர். கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும். அதை ஊதினால் எல்லோரும் உள்ளே போக வேண்டும், மறுபடி ஊதினால் வெளியே வர வேண்டும். அவர் வீட்டிலும் சாப்பாட்டுக்கு ஊதித்தான் கூப்பிடுவார் என்று பெண்கள் கேலி பேசுவார்கள். ஐம்பது வயது, எழுபத்தோரு கிலோ. எடை எப்படித் தெரியும் என்கிற மாதிரி பார்க்காதீர்கள். அங்கே இருக்கும் அறுபத்திரண்டு பேரின் எடையும் எனக்குத் தெரியும், அதுதான் என் வேலை.

கணினியில் ஒரு மென்பொருள் இருக்கிறது. மருந்து அடித்த கூடத்துக்குள் எத்தனை மணி நேரம் கழித்து ஆள் போனால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று அது சொல்லும். சும்மா சொல்லாது. எவ்வளவு மருந்து, எத்தனை மணி நேர வேலை, ஆளின் எடை என்ன, கையுறை உண்டா இல்லையா, எல்லாவற்றையும் வரிசையாக ஊட்ட வேண்டும். விசில் காகிதத்தில் எழுதி அனுப்புவார், நான் ஒழுங்குபடுத்தி ஏற்றுவேன். அவர் எழுத்து கோழிக் கிறுக்கல். எடை கேட்ட இடத்தில் ஒரு தடவை 'ஒல்லி' என்று எழுதி அனுப்பியிருந்தார். ஒரு கட்டத்தில் ஏடாகூடமாக ஏதாவது இருந்தாலும் மென்பொருள் அதைச் சிவப்பாக்கிவிட்டு, கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி நகராமல் உட்கார்ந்துகொள்ளும். என் கோப்பில் சிவப்பு இருக்காது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு மேலாளர் என் கோப்பைத் திறந்து காட்டி, "கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு பாருங்க" என்பார். அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஏன் பொய் சொல்ல வேண்டும்.

என் அக்கா நாலாவது கூடத்தில் மொட்டுக் கிள்ளும் வேலை செய்தாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். அப்பா போன பிறகு தன் படிப்பை நிறுத்திவிட்டு என்னைப் படிக்க வைத்தவள். மாலையில் வந்ததும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் என் மடியில் வைப்பாள். "ஊசியை எடுடி, இன்னிக்கு ரோஜாவுக்கு என்மேல ரொம்பப் பாசம்" என்பாள். நான் ஒவ்வொரு முள்ளாக எடுப்பேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு இருக்கும்.

அந்தப் புதன்கிழமை ஒரு புது மருந்தை முதல் தடவையாக அடித்தார்கள். காலை ஆறு மணிக்கு அடித்து முடித்தார்கள். கதவுப் பலகையில், மென்பொருள் சொன்னபடி, 'நான்கு மணி நேரம்' என்று எழுதியிருந்தது. சரியாகப் பத்து மணிக்கு விசில் ஊதினார். பதினொன்றரைக்கு அக்காவைப் பூ ஏற்றும் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். மற்றவர்களுக்கு வாந்தி, மயக்கத்தோடு போயிற்று. நான் அலுவலகத்திலிருந்து ஓடினேன். வாயிலிருந்து நுரை கழுத்துவரை வழிந்திருந்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டதில் அவள் பின்மண்டை வண்டியின் இரும்பில் இடித்துக்கொண்டே இருந்தது. பல்லுக்கிடையில் நாக்கு மாட்டி ரத்தம். என் மணிக்கட்டை அவள் பிடித்த பிடியில் இந்த நகக்குறிகள் விழுந்தன, இன்னும் ஆறவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பிடி தளர்ந்தது. எனக்கு உலகத்தில் அவளைவிட யாரும் பெரிதில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் விசாரணை. என் கோப்பைத் திறந்து பார்த்தார்கள். கையுறைக் கட்டத்தில் அறுபத்திரண்டு பேருக்கும் 'ஆம்' என்று இருந்தது. கூடத்தில் மொட்டுக் கிள்ளிய யார் கையிலும் கையுறை இல்லை. மேற்பார்வையாளர் பொய் விவரம் கொடுத்திருக்கிறார் என்று அங்கேயே முடிவுகட்டி அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பூப் பொதி கட்டும் பெண்கள் அவரை வாசலிலேயே மடக்கிச் செருப்பால் அடித்தார்கள். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவர் கையைக்கூட உயர்த்தவில்லை. "நான் தப்பா எழுதலம்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று வீட்டில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் நல்லா இருக்கவே கூடாதுடி" என்றாள். கூடாதுதான் என்றேன்.

சனிக்கிழமை அவரே என்னைத் தேடி வந்தார். என்ன பேசினார் என்பதைப் பிறகு சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நாலாவது கூடத்துக்கு வாருங்கள், அக்கா விழுந்த இடத்தில் நின்று பேசலாம் என்றேன். விடுமுறை நாள், ஈ காக்கை இருக்காது. சொன்ன நேரத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் நான்காக மடித்த ஒரு காகிதம். பழக்கம் விடவில்லை போலும், கழுத்தில் விசில்.

அவரை முன்னால் போகவிட்டு, வெளியிலிருந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். மேல் ஜன்னல்களை முன்பே மூடியிருந்தேன். மருந்துக் குழாய்கள் கூரையில் ஓடும், அதற்கான பொத்தான் வெளிச்சுவரில் இருக்கிறது. அழுத்தினேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து, "தங்கச்சி, கதவு சிக்கிக்கிச்சு, கொஞ்சம் வெளியேருந்து தள்ளு" என்றார். "இதோண்ணே" என்றேன். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

விசிலை எடுத்து ஊத ஆரம்பித்தார். உள்ளே ஆள் விழுந்தால் மூன்று தடவை விட்டு விட்டு ஊத வேண்டும் என்று விதி, அந்த நிலைமையிலும் அப்படியே ஊதினார். பிறகு ஒரு செடித்தொட்டியைத் தூக்கி அடித்து ஒரு கண்ணாடியை உடைத்து, முழங்கைவரை கையை வெளியே நீட்டினார். உடைந்த விளிம்பு சதையை நீளமாகக் கிழித்தது. கம்பி ஒன்று அங்கே கிடந்தது. அந்தக் கையில் மூன்று அடி அடித்தேன். இரண்டாவது அடியில் எலும்பு போன சத்தம் கேட்டது. மூன்றாவதுக்குப் பிறகு கை உள்ளே போய்விட்டது. ஓட்டையில் சாக்கை வைத்து அடைத்தேன். விசில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று மட்டும் போகிற மாதிரி ஆகிவிட்டது. அவர் தரையில் கிடந்து குதிகாலால் செடித்தொட்டியை உதைத்துக்கொண்டிருந்தார். பத்து ஐம்பத்திரண்டுக்கு அதுவும் நின்றது. நேரம் குறித்துக்கொள்வது என் தொழில் புத்தி.

நான்கு மணி நேரம் காத்திருந்தேன், பலகையில் அப்படித்தானே போட்டிருக்கிறது. ஆனாலும் உள்ளே போகும்போது இரண்டு கையுறை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டேன், முகமூடியும் மாட்டிக்கொண்டேன். அந்தப் பலகையை எந்த அளவுக்கு நம்பலாம் என்று எனக்குத் தெரியும். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துத் துண்டுதுண்டாகக் கிழித்துக் கழிவுநீரில் விட்டேன்.

அந்தக் காகிதத்தை அவர் வீட்டம்மா முந்தைய நாளே கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் படம் தெளிவாகவே இருக்கிறது. படிவத்தின் மஞ்சள் நகல். வெள்ளை எனக்கு வரும், மஞ்சள் அவரிடம் இருக்கும்; விசாரணைக்குப் பிறகுதான் வீட்டில் தேடி எடுத்தாராம். கையுறைக் கட்டத்தில் முதல் வரிசைக்கு மட்டும் 'ஆம்'. அது அவருடைய வரிசை, அவரிடம் ஒரு ஜோடி இருந்தது. அதற்குக் கீழே மீதி அறுபத்தோரு பேருக்கும் சேர்த்துக் கோடு இழுத்து எழுதியிருக்கிறார்: 'இல்லை. ரெண்டு மாசமா கேக்கிறேன், வரல. எல்லாரும் வெறுங்கை. நேரம் கூட்டிப் போடுங்க.'

அந்தக் கட்டம் இவ்வளவு நீளத்தை ஏற்றுக்கொள்ளாது. தட்டிப் பார்த்தேன், அறுபத்தோரு கட்டங்களும் சிவந்துபோயின. அதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அழித்தேன். முதல் வரிசையின் 'ஆம்'ஐப் பிடித்துக் கடைசிவரைக்கும் கீழே இழுத்துவிட்டேன். இரண்டு வினாடி வேலை. கோப்பில் பெயர்கள் கிடையாது, எண்கள்தான். அக்கா முப்பத்தேழு. முந்தைய நாள் மாலை அந்த முப்பத்தேழின் விரல்களிலிருந்து ஒன்பது முள் எடுத்திருந்தேன்.

புதன்கிழமை மாலை அவளைப் பிணவறையில் விட்டுவிட்டு அலுவலகத்துக்குத்தான் முதலில் போனேன். 'இல்லை' என்று போட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். நாற்பத்தெட்டு மணி நேரம் என்று வந்தது. வெள்ளை நகலைக் கிழித்துவிட்டு வீட்டுக்குப் போய் அம்மாவோடு அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை.

சனிக்கிழமை அவர் பேசியதைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. பிளாஸ்திரி ஒட்டிய புருவத்தோடு வந்து நின்றார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தங்கச்சி, நீ வேணும்னு பண்ணிருக்க மாட்டே, கை தவறிருக்கும். உன் அக்காளே போயிட்டா, உனக்கு இதைவிட என்ன தண்டனை. வா, ரெண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சொல்லிடுவோம்" என்றார். என் தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தார். எனக்குக் கை தவறாது. பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை, மேலாளரைக் கேட்டுப் பாருங்கள்.

அவ்வளவுதான். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். மூத்தவளுக்காக இளையவள் பழி வாங்கிவிட்டாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். பத்தாவது கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது பாருங்கள், நீங்களும் பேனாவைத் தூக்கிக்கொண்டு யோசிக்கிறீர்கள். நான் சொன்னதையெல்லாம் எழுதப்போனால் அதில் அடங்காது, சின்னக் கட்டம். 'அக்காவுக்காக' என்று போட்டுவிடுங்கள். ஒரே சொல், சரியாகப் பொருந்தும்.