கல்லின் மேல் அரசுக்குள்ள உரிமை

உங்கள் போலீஸ் நிலையத் தேநீரில் இஞ்சி சற்றுத் தூக்கல், ஐயா. எனக்கு அப்படித்தான் பிடிக்கும். என் மனைவி அப்வோலியும் இப்படித்தான் போடுவாள். பகோன்சா வரும் நாட்களில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தட்டிப் போடுவாள்.

பகோன்சா என்னோடு ஹொய்மாவில் ஒரே பெஞ்சில் படித்தவன். இருவரும் மண்ணியல் படித்தோம், இருவரும் அரசின் எண்ணெய் வேலையில் சேர்ந்தோம். கடல் கடந்து வந்த ஒரு கம்பெனி ஏரிக்கரையில் தோண்ட உரிமம் வாங்கியதும் அவன் அங்கே தாவிவிட்டான். பெரிய வண்டி, புதுச் சட்டை, வாய் நிறையப் பேச்சு. நான் அரசின் ஆளாகவே அந்தக் கம்பெனியின் முகாமுக்குப் போனேன். என் வேலை சின்னதல்ல. ஒப்பந்தப்படி தோண்டுவது கம்பெனி. எண்ணெய்க் கிணற்றிலிருந்து மாதிரிக்கு எடுக்கும் கல் அரசுடையது. நான் பார்த்து முத்திரை வைக்காமல் ஒரு கூழாங்கல்கூட முகாமைத் தாண்டக் கூடாது. நான் நினைத்தால் வேலையையே நிறுத்தலாம்.

பகோன்சாவுக்கு இதெல்லாம் கேலி.

"அராலி, உன் கல்லையெல்லாம் பத்திரமா படுக்க வெச்சிருக்கேன்யா. வந்து ஒரு முத்தம் குடுத்துட்டுப் போ" என்பான். முகாமே சிரிக்கும். என் வீட்டுக்கு வந்தும் இதையே சொல்வான். அப்வோலி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். என் பேச்சுக்கு அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. வயிறு எரியும், ஐயா. அதை மறைக்கவில்லை.

நீங்கள் கம்பாலாக்காரர், உங்கள் பக்கம் இந்த வழக்கம் கிடையாது. எங்கள் புன்யோரோவில் ஆளுக்கொரு பெயர் உண்டு, அதோடு எம்பாக்கோ என்று ஒரு செல்லப்பெயரும் உண்டு. இருப்பது பன்னிரண்டே செல்லப்பெயர்கள். அவற்றைத்தான் எல்லோரும் பங்குபோட்டுக்கொள்கிறோம். எனக்கு அராலி, அவனுக்கு அமூட்டி. மரியாதையும் பிரியமும் அதில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வெறும் பெயரைச் சொல்லி ஒருவரை அழைத்தால் உறவு முறிந்தது என்று அர்த்தம். பிறந்த குழந்தைக்கு அத்தைமார்கள் யாருடைய முகச்சாயல் என்று பார்த்து, அவருடைய எம்பாக்கோவையே வைப்பார்கள்.

என் மகனுக்கு வைத்த அன்று பகோன்சாவும் வந்திருந்தான். கேழ்வரகுக் களியும் புகையில் வாட்டிய மாட்டிறைச்சியும் அவன் தட்டில்தான் அதிகம் இருந்தன. என் பெரிய அத்தை குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அமூட்டியேதான்டி. நெத்தியப் பாரு, மூக்கப் பாரு."

"ஐயோ, என் பேரா? பாவம் புள்ள, கடன்காரனாத்தான் வளரும்" என்றான் பகோன்சா. எல்லோரும் சிரித்தார்கள். அப்வோலி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். பன்னிரண்டில் அந்த ஒன்றுதானா கிடைத்தது? அன்று முதல் என் மகனை நான் மடியில் வைத்ததில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கிணற்றடியில் ஒரு குழாய் சரிந்து பகோன்சாவின் தொடையைக் கிழித்தது. ஏரிக்கு இறங்கும் மலைச்சரிவில் அப்போது சாலை கிடையாது; வைத்தியம் கிடைக்கும் புட்டியாபா போக ஒரே வழி படகு. படகில் என் முத்திரைக்காகக் கல்பெட்டிகள் ஏற்றப்பட்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் அவனைக் கிடத்தினார்கள்.

"அராலி, ரத்தம் நிக்கல. கிளம்பட்டுமா?" என்றார் படகோட்டி இசிங்கோமா.

"பெட்டியப் பார்க்கணும்."

"எல்லாத்தையும் தூக்கி மணல்ல வெச்சிடறேன், அராலி."

"என் கண் முன்னாடிதான் இறக்கணும். ஒவ்வொண்ணாத் திறந்து காட்டிட்டு."

முகாம் மேலாளர், வெள்ளைக்காரர், என் கையைப் பிடித்தார். அரசின் உரிமையில் கைவைத்தால் கம்பெனியின் உரிமம் ரத்தாகும் என்று நினைவூட்டினேன். கையை விட்டுவிட்டார். நான் பெட்டிகளைத் திறந்தேன். நல்ல கல், எண்ணெய் வாசம் அடித்தது. அவசரப்படாமல் வரிசை மாறாமல் பார்த்தேன்.

"அராலி," என்றான் பகோன்சா. "உன் கால்ல விழறேன்டா. அராலி."

எம்பாக்கோவைச் சொல்லிக் கெஞ்சினால் எங்கள் பக்கம் யாராலும் மறுக்க முடியாது. எதிரிகூட இளகுவான்.

"பொறு, பகோன்சா" என்றேன்.

இசிங்கோமா கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தார். உங்களிடம் வந்து சொன்னது அவர்தான் என்று தெரியும். கல்லைப் பார்த்தது சட்டம். அவனைப் பெயர் சொல்லி அழைத்தது மட்டும் என் தவறு. அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

கடைசிப் பெட்டியை மூடியபோது அவன் பேச்சு நின்றிருந்தது. உயிருக்கு ஆபத்தென்றால் சோதனையைத் தள்ளிவைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. அதை முகாமில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியவனே நான்தான். உடனே விட்டிருந்தால் பிழைத்திருப்பான், அதுவும் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ஆனால் வீண் பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். என் வீட்டுத் தொட்டிலில் அவன் சாயலை என் சொந்த அத்தையே கண்டு சொன்னாள். வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

என் அப்பாவா? அவர் போய் நாளாகிறது, ஐயா. அவருடைய எம்பாக்கோ இப்போது எதற்கு? அமூட்டி.