ஓசி ஸ்டீபனும் ஓர் ஆய்வேடும்

ஃபாதர், நான் ஓசி டீ குடிக்கிறவன் இல்லை. கேன்டீனில் யார் வாங்கிக் கொடுத்தாலும் காசை நீட்டிவிடுவேன். விசாரணைக் குழுத் தலைவர் என்ற முறையில் இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கல்லூரியில் என் பெயர் ஓசி ஸ்டீபன்.

பெயர் வைத்தவர் வரலாற்றுத் துறை கலைமதி மேடம். ஏழு வருடமாகக் காவிரிப் படித்துறைகளைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறார். போன வியாழக்கிழமை தன் லேப்டாப்பை நான் வேலை பார்க்கிற கம்ப்யூட்டர் லேபுக்குக் கொண்டுவந்தார். அது திறப்பதற்குள் ஸ்ரீரங்கத்தில் கிளம்பிய பஸ் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடும். உள்ளே இருந்தது யாரோ கடைக்காரர் போட்டுக்கொடுத்த திருட்டு விண்டோஸ்.

அதை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்றேன். ஊர் உலகத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சம்பளம் வாங்காமல் சேர்ந்து எழுதியது, எல்லோருக்கும் இலவசம் என்று பொறுமையாக விளக்கினேன். காட்டூரில் ஞாயிறு பூசை முடிந்ததும் முகாம் நடத்தி இதுவரை நாற்பத்தொரு பேருக்குப் போட்டுக்கொடுத்திருக்கிறேன். அதில் மூன்று பேர் இப்போதும் என்னோடு பேசுகிறார்கள்.

மேடம் சிரித்தார். "அந்த ஓசிச் சமாச்சாரமெல்லாம் வேண்டாங்க ஸ்டீபன். திங்கக்கிழமை தீசிஸ் அனுப்பணும். வேகமா ஓடுனா போதும்."

எனக்கு வலித்தது. ஆனால் கோபப்படவில்லை. ஆய்வேட்டுக்கு வேறு நகல் இருக்கிறதா என்று அக்கறையாகக் கேட்டேன். இல்லை என்றார். அது தெரிந்த பிறகுதான் வேலையை ஆரம்பித்தேன்.

டிஸ்க் முழுவதையும் அழிக்கட்டுமா என்று லினக்ஸ் மரியாதையாகக் கேட்டது. அழி என்றேன். இப்போது அந்த லேப்டாப் பதினோரு நொடியில் திறக்கிறது. உள்ளே ஒன்றுமே இல்லாததும் அதற்கு ஒரு காரணம்.

மேடம் அழுதார். இன்று ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பாவிட்டால் பதிவு ரத்தாகிவிடுமாம். நான்தான் தண்ணீர் கொடுத்தேன். கை தவறிவிட்டது என்றும் சொன்னேன். அது மட்டும் பொய், ஃபாதர்.

அழிப்பதற்கு முன்பே ஆய்வேட்டை இந்தப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். இதோ, மேசையில் வைக்கிறேன். பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும். மணி நாலேகால் ஆகிறது. மேடம் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வந்து, லினக்ஸ்தான் நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், உடனே திறந்து தருகிறேன்.

கட்டாயம் ஒன்றும் இல்லை. அவராக, முழுச் சுதந்திரத்தோடு சொல்ல வேண்டும். லினக்ஸ்காரர்கள் நாங்கள் பாடுபடுவதே அந்தச் சுதந்திரத்துக்காகத்தான்.