சுயம்புலிங்கம் திறந்துவிட்ட தண்ணீர்

மேடையில் வீற்றிருக்கும் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையார் சீனியம்மாள் அவர்களே, இந்த இரங்கல் கூட்டத்துக்காக ராஜபாளையம் மைதானத்தில் திரண்டு நிற்கும் பொதுமக்களே, வணக்கம்.

சுகாதார ஆய்வாளர் சுயம்புலிங்கம் மறைந்தார் என்று எனக்கு முன் பேசியவர்கள் சொன்னார்கள். அவர் மறையவில்லை. அடித்துக் கொல்லப்பட்டார். அரசு மருத்துவன் என்ற முறையில் அவர் உடலை அறுத்துப் பார்த்தவன் நான். மண்டை பின்புறம் பிளந்திருந்தது. விலா எலும்பு நுரையீரலுக்குள் இறங்கியிருந்தது. வலக்கை விரல்கள் கூழாகியிருந்தன. சாவுக்குக் காரணம் 'கூட்ட நெரிசல்' என்று எழுதச் சொன்னார்கள். நெரிசலுக்குக் கொடிக்கம்பு பிடிக்கத் தெரியுமா?

அவர் கொல்லப்பட்ட அன்று காலை தேவதானம் கிராமத்தில் நானும் இருந்தேன். வெள்ளத்தாய் என்ற மூதாட்டி காலராவில் இறந்திருந்தார். உடலைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க உறவினர்கள் குடங்களோடு ஊர்வலமாகக் கிளம்பினார்கள். அவர்கள் போன கிணற்றில்தான் நோய் இருந்தது. அதைத் தொடக் கூடாது, ஐம்பது பேருக்கு மேல் எங்கும் கூடக் கூடாது என்பது வட்டாரக் கொள்ளைநோய்த் தடுப்பைப் பார்த்துவந்த சுயம்புலிங்கத்தின் உத்தரவு. அவரே கிணற்றடியில் மறித்து நின்றார்.

இறந்தவரின் மகன் சேதுபதி குடத்தை இறக்கவில்லை.

"எங்காத்தாளக் குளிப்பாட்ட ஆகாத தண்ணின்னா, விடியமுன்ன இதே கெணத்துத் தண்ணிய டேங்கர் லாரியில ஏத்திட்டுப் போனானுவளே, அது எதுக்கு? சாயங்காலம் கட்சிக் கூட்டத்துல குடிக்கத்தானே? செத்தவளுக்கு ஆகாது, ஓட்டுப் போடுதவனுக்கு ஆகுமோ? ஏன் சார், அவன் குடல் என்ன இரும்பா?"

"நீ கேக்கது நியாயம்டே. கொடத்த இறக்கு. அந்த லாரிய நான் பாத்துக்கிடுதேன்."

சேதுபதி குடத்தை இறக்கினார். பெற்ற தாய்க்குச் செய்யும் கடைசிக் கடமையை ஒரு விவசாயி விட்டுக்கொடுத்தார். கட்சி எதை விட்டுக்கொடுத்தது? சாவு வீட்டுக் கூட்டம் மூடப்பழக்கம், அரசியல் கூட்டம் ஜனநாயக உரிமை என்று அறிக்கை விட்டார்கள். ஜனநாயகத்தைக் கண்டால் வாந்திபேதி விலகி நடக்குமா?

மாலையில் இதே மைதானத்தில் சுயம்புலிங்கம் லாரியின் குழாயைத் திறந்துவிட்டார். நடந்ததை லாரி ஓட்டுநர் என்னிடம் சொன்னார். கொடிக்கம்போடு ஓடிவந்த கட்சிக்காரன் ஒருவன் கேட்டிருக்கிறான்.

"ஏலே, தலைவர் வார நேரத்துல தண்ணியத் தொறக்கியா? நீ எந்தக் கட்சிடா?"

"நான் சுகாதாரம்டே. குடிச்சா மொதல்ல நீதான் போவே."

குழாயை மூட அவர் விடவில்லை. பிடித்த கையை விடாததால் விரல்களை அடித்தார்கள். பிறகுதான் தலையை அடித்தார்கள்.

மறுநாள் அவர் வீட்டு முன் நூற்றுக்கணக்கானோர் கூடினோம். அவர் மனைவி சீனியம்மாள் வாசலில் வந்து நின்றார். "அம்பது பேருக்கு மேல உள்ள வராதிய. நீர்மாலையும் வேண்டாம். தண்ணி கொதிக்க வச்சிருக்கேன், அவியளுக்கு அது போதும்."

கணவரின் உடல் கிடக்கும்போதே அவர் போட்ட சட்டத்தைக் காத்தவர் இவர். அந்தச் சட்டத்தை மிதித்த கட்சிக்காரர்கள் இன்று கையில் மலர்மாலையோடு வந்து மேடையில் அமர்ந்திருக்கிறார்கள்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே பலர் சூளுரைத்தார்கள். நான் தொடங்கிவிட்டேன். அடித்ததால் நேர்ந்த சாவு என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டேன். நீதிமன்றத்திலும் அதையே சொல்வேன். ஞாயிறன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கவிருக்கும் உங்கள் கட்சிக் கூட்டத்தின் தண்ணீரையும் சோதிப்பேன். கம்போடு வருபவர்கள் வரலாம்.

எனக்குப் பின் பேசக் காத்திருக்கும் கட்சியின் மாவட்டச் செயலாளர் அவர்களே, நீங்கள் எழ வேண்டாம். இவ்வட்டாரத்தின் கொள்ளைநோய்த் தடுப்பு இன்று காலை முதல் என் பொறுப்பு. உத்தரவு இன்னும் நடப்பில் இருக்கிறது. இங்கே ஐம்பது பேருக்கு மேல் நிற்கிறோம்.

மக்களே, கலைந்து வீட்டுக்குச் செல்லுங்கள். ஒலிபெருக்கியை நான் அணைக்கிறேன்.