மைனஸ் தானா வரும்

– கையெழுத்து போடுறியா ஷாமினி, இல்ல லோரிய திருப்பி அனுப்பவா? பந்திங் ஊர்ல ஹாஸ்டல் சமையக்காரன் கத்துறான். மத்தியானம் பிள்ளைங்களுக்கு கோழி போடணும்லா.

– நிக்கட்டும் வேலாயுதம் அண்ணே. ரெண்டாம் நம்பர் ஃப்ரீசர்ல பெட்டிக்கு அடியில ரத்தம் வடிஞ்சு, திரும்ப ஐஸா இறுகிக் கெடக்குது. லீவு நாள்ல உருகியிருக்கு.

– கோழிக்கு ரத்தம் வராம ரோஸ் சிரப்பா வரும்? தோ பாரு, கம்ப்யூட்டர்ல இருக்கு. சனிக்கிழமை மைனஸ் பதினெட்டு. ஞாயிறு மைனஸ் பத்தொம்பது. திங்கள் மறுபடி பதினெட்டு. உருகலம்மா, இன்னும் நல்லா குளுந்திருக்கு. டிப்ளோமா முடிச்ச பிள்ளைக்கு இது படிக்கத் தெரியல.

– சனிக்கிழமை ராத்திரி இடி மழையில இந்த ரோடு பூரா கரண்ட் போச்சு. அதுல எப்படி குளுரும்? அந்த ஞாயித்துக்கிழமை கட்டத்த அமுக்குங்க. மேல, அடிச்சது அடிச்சபடியே தெரியற பட்டையில என்ன இருக்கு?

– பத்தொம்பது.

– மைனஸ் எங்க?

– அது நான் பண்ண ஏற்பாடு. நம்ம சின்னையா இருக்கானே, எஸ்டேட்ல செம்பனைக் குலை ஏத்தினவன், நம்பருக்கு முன்னாடி ஒரு நாள் மைனஸ் கோடு போடுவான், ஒரு நாள் விட்டுருவான். சோதனைக்கு வந்தவன் என் மூஞ்சில துப்பாத குறை. அதான் நம்பர் கட்டத்துல எப்படித் தெரியணும்னு சொல்றதுக்கு கஸ்டம்னு ஒரு எடம் இருக்குல்ல, அங்க நானே எழுதிட்டேன். முதல்ல கோடு, அப்புறம் சைபர், அப்புறம் டிகிரி. எவன் என்ன நம்பர் அடிச்சாலும் மைனஸ் தானா வந்து ஒக்காந்துக்கும். கிள்ளான்ல இத்தனை கோல்ட் ஸ்டோர் இருக்கே, எவன் வச்சிருக்கான் இப்படி ஷீட்டு?

– நல்ல வேளை, எவனும் வைக்கல. நகருங்க. நான் நூறு அடிக்கறேன். படிங்க.

– மைனஸ் நூறு டிகிரி.

– கொதிக்கிற தண்ணிய ஐஸ் ஆக்கிட்டீங்க அண்ணே. பெரிய மந்திரவாதி.

– ஃப்ரீசர்ல எவன் நூறு அடிப்பான்? கிறுக்கு மாதிரி பேசாத.

– நெசமாவே மைனஸ் அடிச்சா?

– ரெண்டு கோடு வரும், அசிங்கமா. அதான் கோட்டத் தொடவே கூடாது, நம்பர மட்டும் அடின்னு சொல்லி வச்சிருக்கேன்.

– அப்போ அந்தப் பத்தொம்பது, கோடு உள்ளதா கோடு இல்லாததான்னு உங்களுக்கும் தெரியாது. வெளிய தெரியறத மட்டும்தான் மாத்தியிருக்கீங்க. உள்ள இருக்கறது வெறும் பத்தொம்பது.

– உள்ள எது இருந்தா என்ன? ஆபீஸ்ல பாக்கறவன் வெளியத்தான் பாக்கறான். நீ போடலன்னா வேற ஆளு போடுவான். நீ இன்னும் வேலைல கன்ஃபர்ம் ஆகல, அத ஞாபகம் வச்சுக்க.

– போட்ட பிறகு அங்க பிள்ளைங்க வாந்தி எடுத்தா, கேள்வி என்கிட்ட வரும். உங்க கோட்டுகிட்ட வராது. சின்னையா அண்ணன கூப்பிடுங்க. அவர்தான அன்னைக்கு டூட்டி?

– அவன் ஒரு ஆளுன்னு அவன்கிட்ட கேக்கற பாரு. சரி, ஸ்பீக்கர்ல போடுறேன், கேட்டுக்க. டேய் சின்னையா!

– சொல்லுங்க பாஸ்.

– ஞாயித்துக்கிழமை ரெண்டாம் நம்பர் எவ்வளவு காட்டுச்சு?

– பத்தொம்பது பாஸ். அடிச்சிட்டேனே.

– கேட்டியா ஷாமினி? பத்தொம்பது. முடிஞ்சுது. பேனா எடு.

– இருங்க. சின்னையா அண்ணே, நான் ஷாமினி. மீட்டர்ல நம்பருக்கு முன்னாடி கோடு இருந்துச்சா?

– கோடெல்லாம் நான் பாக்கறது இல்ல தங்கச்சி. அது கம்ப்யூட்டர் பாத்துக்கும், உன் மண்டையில இருக்கற களிமண்ணுக்கு நம்பர் போதும்னு பாஸ் சொல்லியிருக்காரு.

– சரியாத்தான் சொல்லியிருக்கேன். இவன்கிட்ட கேட்டா இவ்வளவுதான் வரும்.

– பரவால்ல. நீங்க உள்ள போனீங்களா அண்ணே?

– போகாம? கீழ் பெட்டியெல்லாம் நசுங்கி, மேல உள்ளது சரிஞ்சு கெடந்துச்சு. ஒத்த ஆளா எல்லாத்தையும் இறக்கி, திரும்ப அடுக்கினேன். சாப்பாட்டு நேரம் வரைக்கும் அதே வேலைதான்.

– டேய், புளுகாத. அவ்வளவு நேரம் ஃப்ரீசர் உள்ள நின்னா விரலு கட்டையாப் போயிருக்கும்.

– நின்னேன் பாஸ். கதவையும் சாத்திக்கிட்டுத்தான் நின்னேன்.

– அண்ணே, குளிர் ஜாக்கெட் போட்டிருந்தீங்களா?

– எதுக்கு தங்கச்சி? வேர்த்து ஊத்துச்சு. சட்டையக் கழட்டி வச்சிட்டுத்தான் அடுக்கினேன்.