மூன்றாம் கேமராவில் பார்த்த எண்

பெயர் பிரேமலா, தகப்பனார் பெயர் ஐயாசாமி. வயது நாற்பத்தேழு. முகவரி: ஸ்ரீ மெலூர் அடுக்குமாடி, புளோக் ஏ, எண் 2-06, மாசாய், ஜொகூர். தொழில்: அதே அடுக்குமாடியின் நிர்வாக அலுவலகத்தில் பதினோரு வருடமாகக் கிராணி, அதாவது எழுத்தர். நான் தமிழில் சொல்லச் சொல்ல போலீஸ் சார்ஜன் லோகேஸ்வரன் எழுதிக்கொள்கிறார்.

எங்கள் நுழைவாயிலில் நான்கு மறைக்காணி கேமராக்கள் உள்ளன. அவற்றின் பதிவுப் பெட்டி பழையது. அதில் உள்ளதை அலுவலகக் கணினியில், பிரவுசர் வழியாகத்தான் பார்க்கவும் கோப்பாக இறக்கவும் முடியும். ஒன்பது நாள் பதிவு மட்டுமே அதில் நிற்கும்; அதற்கு மேற்பட்டது தானாக அழிந்துகொண்டே வரும். இது எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் சொல்லவில்லை.

ஆகஸ்டு நான்காம் தேதி திங்கட்கிழமை காலை, புளோக் சி-யில் குடியிருக்கும் கமலநாதன் என்பவர் பாசிர் கூடாங் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகையில், நுழைவாயிலுக்கு எதிரே மோட்டார் சைக்கிளோடு விழுந்து கிடந்தார். பார்த்தவர் யாரும் இல்லை. அவராகவே சறுக்கி விழுந்ததாகப் போலீஸில் எழுதப்பட்டது. இன்றுவரை அவருக்கு நினைவு திரும்பவில்லை.

அதன்பின் ஆறாம் தேதி புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவர் மனைவி வாசுகி அலுவலகத்துக்கு வந்தார். "அவரு தானா விழுற ஆளு இல்லக்கா, பதினஞ்சு வருஷமா அதே ரோட்லதான் போறாரு," என்றார். நான் மூன்றாம் கேமராவின் திங்கட்கிழமைப் பதிவைத் திறக்க, இருவரும் சேர்ந்து பார்த்தோம். ஆறு முப்பத்தைந்துக்கு ஒரு வெள்ளை நிறச் சிறிய லோரி சந்திலிருந்து திரும்பி, கமலநாதனின் மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் இடித்தது. அதன்பின் லோரி நின்றது. ஓட்டுநர் பக்கக் கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. கதவு மூடிக்கொண்டது, லோரி போய்விட்டது. வாசுகி திரையில் அவர் விழுந்து கிடந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டார், நான் எடுக்கச் சொல்லவில்லை. லோரியின் எண் பின்பக்கம் தெளிவாகத் தெரிந்தது. நான் அதை வாய்விட்டுப் படித்தேன். எழுதிக்கொள்ளவில்லை. வாசுகி பேனா கேட்டார். "எதுக்கு, ஃபைல்லயே எல்லாம் இருக்கும்மா," என்று சொன்னது நான்தான்.

அதன்பின் இறக்கும் பொத்தானை அழுத்தினேன். முந்தின நாள் கணினி தானாகவே பிரவுசரைப் புதுப்பித்திருந்தது. அதற்கு முன்பெல்லாம் இரண்டு நிமிடத்தில் கோப்பு வந்துவிடும். அன்று, இது பாதுகாப்பான இடத்திலிருந்து வரவில்லை, தடுக்கப்பட்டது என்று ஒரு சிவப்பு வரி வந்தது. ஏழெட்டு முறை அழுத்தினேன். கணினியை அணைத்துப் போட்டேன். அதே வரி. பதினோரு வருடமாக அந்தப் பெட்டி எங்கள் கூரைக்குக் கீழேதான் இருக்கிறது, அது எப்படிப் பாதுகாப்பில்லாமல் போனது என்று எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட்டு என்ன செய்ய, திட்டுவதற்கு எதிரே ஒரு ஆள்கூட இல்லை.

அதன்பின் கேமரா பொருத்திக் கொடுத்த திருச்செல்வத்தை அழைத்தேன். அவர் பத்து பாகாட் ஊரில் வேறு வேலையில் இருந்தார். "அப்டேட் ஆயிருச்சுல்ல, இனி அப்படித்தான் கேக்கும் லா. பக்கத்துல ஒரு அம்புக்குறி இருக்கும், அத தட்டி 'வச்சிக்கோ'ன்னு குடுங்க. ஃபோல்டர்ல பேரு வந்துட்டா சரிக்கா," என்றார். அப்படியே செய்தேன். தேதியோடு பெயர் வந்தது. அதைப் பெண்டிரைவில் போட்டு, உறையில் வைத்து ஒட்டி, மேலே அலுவலக முத்திரையான சாப்பு குத்தி வாசுகியிடம் கொடுத்தேன். கோப்பைத் திறந்து பார்க்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் சாப்பு குத்திவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

சாப்பு குத்திய உறை என்பதால் வாசுகியும் அதைப் பிரிக்கவில்லை. மருத்துவமனையிலேயே இருந்ததால், பன்னிரண்டாம் தேதி மாலைதான் போலீஸ் நிலையத்தில் கொடுத்திருக்கிறார். பதின்மூன்றாம் தேதி காலை பதினொரு மணிக்கு நிலையத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. கோப்பு திறக்கவில்லை, பாதியில் நின்றுபோனது, உள்ளே படமே இல்லை என்றார்கள். கணினியில் இருந்த கோப்பும் அப்படியேதான் இருந்தது. பெட்டியைத் திறந்தேன். இருந்ததில் ஆகப் பழைய படம் நான்காம் தேதி காலை பதினொரு மணி. அதே சாலை. நடுவில் கொஞ்சம் மணல் கொட்டியிருந்தது, ஒருவர் ரொட்டிப் பையோடு அதை மிதிக்காமல் தாண்டிப் போனார். லோரியின் படம் பதின்மூன்றாம் தேதி காலை ஆறு முப்பத்தைந்து வரை பெட்டியில் இருந்திருக்கிறது. அப்போது நான் வீட்டில் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

அதன்பின் திருச்செல்வம் நேரில் வந்து ஒரு பகல் முழுவதும் பார்த்துவிட்டு, "மேல வேற படம் ஏறிருச்சுக்கா, இனி ஒண்ணும் செய்ய முடியாது," என்றார்.

பதிவை அழிக்கும்படி யாராவது சொன்னார்களா என்று அதிகாரி கேட்டதற்கு, இல்லை. யாராவது சொல்லியிருந்தால் எனக்குப் பிடித்துத் திட்ட ஒரு ஆளாவது கிடைத்திருக்கும். திரையை ஏன் கைத்தொலைபேசியில் படம் எடுக்கவில்லை என்று கேட்டதற்கு, தோன்றவில்லை. கைத்தொலைபேசி மேசைமேல்தான் இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

லோரியின் எண் என்ன என்று கேட்டதற்கு, முதல் எழுத்து ஜே. கடைசி எண் ஏழு, அல்லது ஒன்று. நடுவில் உள்ளது வாசுகிக்கும் நினைவில்லை; நான் இரவு பகலாக எழுதிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வருகிறது, ஒவ்வொன்றும் சரி போலவே தெரிகிறது. தோராயமாக ஒன்றைச் சொல்லலாமே என்றால், அந்த எண்ணிலும் ஒருவர் லோரி ஓட்டிக்கொண்டிருப்பார். நான் சொல்ல மாட்டேன்.

கமலநாதன் தானாக விழவில்லை. அவரை லோரி இடித்ததை நான் பார்த்தேன். இந்த இரண்டு வரியையும் தனியாக எழுதும்படி கேட்டுக்கொண்டேன், அதிகாரி எழுதியிருக்கிறார்.

இன்று காலை வாசுகிதான் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். "உள்ள போய் அமைதியா உக்காந்து சொல்லுங்கக்கா, சொல்லச் சொல்ல ஞாபகம் வரும்," என்றார். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கையில் பேனாவும் தாளும் வைத்திருக்கிறார்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். யாருடைய வற்புறுத்தலும் இன்றி, எனக்குத் தெரிந்த அனைத்தையும் உண்மையாகச் சொல்லியிருக்கிறேன். எண் இதில் இல்லை.

(ஒப்பம்) பிரேமலா
18 ஆகஸ்டு 2025, மாசாய்